ஆட விடாத வருஷங்கள்

“…அதெப்படிங்க, ஆடவே விடாத வருசத்தைத் தோத்த வருசம்னு எழுதுவீங்க?”

டெக்சஸில் பிளேனோ என்ற ஊர், ஒரு நூலகத்தின் பின்னறை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று இப்படிக் கேட்டது என் அம்மா. கேட்கப்பட்டவர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பேச்சுப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த அங்கிள். இருவருக்கும் நடுவில், பட்டுப் பாவாடைக்குக் கீழே வெள்ளை டென்னிஸ் ஷூ தெரிய, கையில் பேச்சு எழுதிய நான்கு சீட்டுகளோடு விழித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு அப்போது பத்து வயது.

என்னோடு இர்விங் அப்பார்ட்மெண்டுகளில் வளர்ந்தவர்களே, உங்களில் நாலைந்து பேர் அந்த அறையில் இருந்தீர்கள். இப்போது நமக்கெல்லாம் வாசிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால், “உங்கம்மா அன்னைக்கு ஃபுட்பாலுக்காகச் சண்டை போட்டாங்களே!” என்று சிரிக்கிறீர்கள். நானும் பல வருஷம் கூடவே சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்கப் போவதில்லை. அது ஃபுட்பாலுக்காகப் போட்ட சண்டை இல்லை. எதற்காக என்று சொல்கிறேன், உட்காருங்கள்.

நான் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய நூற்பாலை ஊரில். அப்பா மேல்படிப்புக்குப் போனார், கூடப் போன அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண். அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ரிடையரான ஆலைத் தொழிலாளர்கள், முட்டி ஆபரேஷன் ஆனவர்கள். மடக்கச் சொன்னால் மடக்கமாட்டார்கள். வலிக்குமே. “நாளைக்குப் பாத்துக்கலாம் லவ்” என்பார்களாம். லவ் என்றால் அந்த ஊரில் நம்முடைய ‘கண்ணு’ மாதிரி.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊர் கிளப்பைப் பற்றித் தப்பாக ஏதாவது சொல்வது. அந்த ஊருக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. பச்சை வெள்ளைச் சட்டை, ஒழுகும் கூரை. பெரிய கிளப் இல்லை. ஆனால் எழுபதுகளில் ஒருமுறை ஐரோப்பியப் போட்டிக்குப் போய் இரண்டாவது ரவுண்டு வரை ஆடியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்பாளாம்: “ஐரோப்பாவுக்குப் போயிட்டு மொத ரவுண்டுலயே திரும்பி வந்துட்டீங்களாமே?”

“யார் சொன்னது? இரண்டாவது ரவுண்டு!” என்று கிழவர் கோபத்தில் எழும்பும்போது, முட்டி நேற்றைவிடப் பத்து டிகிரி கூட மடங்கியிருக்கும்.

இதற்காகவே அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தாள். நீல அட்டை, கோடு போட்டது. கிளப் ஐரோப்பாவில் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் அதில் இருக்கும்: வருஷம், யாரோடு, உள்ளூரில் எத்தனை கோல், வெளியூரில் எத்தனை, கடைசியில் என்ன ஆச்சு. “தப்பாச் சொல்றதுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கோணும் அம்மிணி” என்பாள். அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த நோட்டில் இரண்டு வரிசைகளில் கோல் எண்ணிக்கை கிடையாது. வெளிநாட்டு மைதானம் ஒன்றில் இங்கிலாந்து ரசிகர்களின் கலவரத்தால் நடந்த ஒரு பெரிய துயரத்துக்குப் பிறகு, இங்கிலாந்துக் கிளப்புகள் எதையுமே ஐரோப்பியப் போட்டிகளுக்குள் விடுவதில்லை என்று ஐந்து வருஷம் தள்ளிவைத்திருந்தார்கள். எங்கள் கிளப் போன ஜென்மத்துப் புண்ணியம் போல இரண்டு வருஷம் நன்றாக ஆடி, ஐரோப்பாவுக்குப் போகும் இடத்தைப் பிடித்தது. இரண்டுமே அந்த ஐந்துக்குள் விழுந்தன. முதல் முறை, ஊரே தெருவில் ஆடியதாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே எல்லாருக்கும் தெரியுமாம், போக முடியாதென்று. ஆனாலும் ஆடினார்களாம். அந்த இரண்டு வரிசைகளிலும் அம்மா பேனாவால் குறுக்கே எழுதியிருந்தாள்: தகுதி உண்டு. அனுமதி இல்லை.

பிறகு அப்பாவுக்கு டெக்சஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. ஆபீஸ் லாஸ் கொலினாஸில் கண்ணாடிக் கட்டடம், வீடு இர்விங்கில் இரண்டு பெட்ரூம். அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா அம்மாவுக்கு. இருக்கலாம், சமைக்கலாம், கார் ஓட்டலாம். வேலை செய்யக்கூடாது. நம் அம்மாக்களில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தார்கள். எம்.எஸ்ஸி. படித்தவர்கள் நமக்கு மதியத்தில் மேக்கி கிண்டிக் கொடுத்தார்கள். நாமும் வெறும் அம்மாக்கள் என்றே நினைத்துக்கொண்டு தின்றோம்.

அந்த வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழுப்பு உறை இருந்தது. டெக்சஸில் பிசியோதெரபி லைசென்ஸ் பரீட்சை எழுதுவதற்கான விண்ணப்பம். பரீட்சை எழுத விசா தடை இல்லை. வேலை செய்வதற்குத்தான் தடை. அம்மா எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள், ஒன்றைத் தவிர. ‘கடந்த சில வருடங்களில் எங்கே பணி புரிந்தீர்கள், இடைவெளி இருந்தால் காரணம் கூறவும்’ என்ற கட்டம். அதில் பென்சிலால் ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதுவாள், அழிப்பாள். ஒன்றுமில்லை என்பதற்கு இங்கிலீஷில் ‘நில்’ என்று எழுதுவாள், அழிப்பாள். அழித்து அழித்து அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. நான் விரலால் தடவிப் பார்ப்பேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு ஆலோசகர் இருந்தார், பின்னால் நடுவராக வந்த அதே அங்கிள்தான். சென்னைக்காரர், நமக்கெல்லாம் முன்னால் வந்தவர், யார் வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டுக்கு வேனோடு போகிறவர். நம் வீடுகளில் அவர் சொன்னதுதான் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “இப்ப எதுக்கு எக்ஸாம்? வொர்க் பண்ண முடியாது. அப்ளை பண்ணா அந்த கேப்தான் பளிச்சுனு தெரியும். கிரீன் கார்டு வரட்டும், ஸ்லோவா பாத்துக்கலாம். சிஸ்டர், அது வரைக்கும் ஜாலியா வீட்ட பாத்துக்கோங்க.”

அப்பா தலையாட்டினார். உறை ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. அதை அனுப்பக் கடைசி நாள், தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு, டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. அம்மா காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடவில்லை. அந்தத் தேதியில்தான் பேச்சுப் போட்டி என்று அப்பா வட்டமிட்டிருந்தார்.

அந்த வருஷம் என்ன விசேஷம் என்றால், தடையெல்லாம் நீங்கி, எங்கள் கிளப் மறுபடியும் ஐரோப்பாவுக்குப் போயிருந்தது. அந்த இங்கிலாந்து ஊரிலிருந்து, அம்மாவோடு வேலை பார்த்த வார்டு சிஸ்டர் பேப்பர் துண்டுகளை வெட்டித் தபாலில் அனுப்புவாள். அது வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதுவரை பொறுக்காமல் அம்மா அப்பாவின் ஷார்ட்வேவ் ரேடியோவை எடுத்து பால்கனியில் வைத்தாள். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு மத்தியானம் ஒன்றே முக்கால். முழு கமெண்டரி கிடைக்காது. கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே ஒரு மனிதக் குரல், ஸ்கோர் சொல்லும் நேரத்தில் சரியாக ஒரு ஸ்பானிஷ் பாட்டு வந்து உட்காரும். நன்றாக எடுக்க, கம்பி ஒன்றை பால்கனியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கட்டினாள்.

மூன்றாம் நாள் கதவில் அப்பார்ட்மெண்ட் ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பால்கனியில் துணி காயப்போடக்கூடாதாம். அம்மா நேரே ஆபீஸுக்குப் போய், அது துணிக்கொடி இல்லை, ரேடியோக் கம்பி என்று சொல்லிவிட்டு வந்தாள். “பாக்கறதுக்குத் துணிக்கொடி மாதிரியே இருக்குதாமா. பாக்கறதுக்கு இருந்தாப் போதுமாமா!” என்று பொருமினாள். மறுநாள் கம்பியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். ஈரத் துண்டுகூட இல்லை, அலமாரியில் மடித்து வைத்திருந்த துண்டு.

அப்பா இதையெல்லாம் பார்த்து அம்மாவுக்கு ஃபுட்பால் ஏக்கம் வந்துவிட்டது என்று முடிவுசெய்தார். அன்போடு கேபிள் கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்தார். அதில் வந்ததெல்லாம் ஹெல்மெட் போட்ட அமெரிக்க ஃபுட்பால். அம்மா ஐந்து நிமிஷம் பார்த்தாள். “அந்தப் பையனோட முட்டியப் பாருங்க, இன்னும் ரெண்டு வருசந்தான் தாங்கும்” என்றாள். அப்பா அதை மேட்ச் பற்றிய விமர்சனம் என்றே எடுத்துக்கொண்டார். அவளுக்கு ஃபுட்பால் ஏக்கம் இல்லை. முட்டி ஏக்கம்.

இன்னொன்றும் இருந்தது அந்த வீட்டில்: ஒரு பச்சை வெள்ளைக் கம்பளி மஃப்ளர். ஒரு கிழவர் வீடு திரும்பும்போது அம்மா கழுத்தில் போட்டுவிட்டுப் போனது. டெக்சஸ் வெயிலில் அதை எங்கே போடுவது? ஏசி வீட்டில் இட்லி மாவு பொங்காது, உங்களுக்கே தெரியும். அம்மா அந்த மஃப்ளரை மாவுச் சட்டிக்குச் சுற்றி, லைட்டைப் போட்டு ஓவனுக்குள் வைப்பாள். ஐரோப்பா போன கிளப்பின் மஃப்ளர் எங்கள் வீட்டில் புளித்த மாவு வாசனையில் வாழ்ந்தது.

இரண்டு ரவுண்டு தாண்டிவிட்டார்கள். மூன்றாவது ரவுண்டு. ஒரே அணியோடு ஊரில் ஒரு ஆட்டம், வெளியூரில் ஒரு ஆட்டம். ஊரில் ஆடியது ஒன்றுக்கு ஒன்று. வெளியூர் ஆட்டத்தன்று நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன். மணி மூன்றே கால். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். மூன்றரை. கொடிக்கம்பத்துக் கயிறு டங் டங் என்று அடிக்கிறது. நாலு மணிக்குச் சற்று முன்னால் அம்மா வந்தாள், வீட்டுச் செருப்போடு. என்னைத் திட்டுவது போல, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “கோலே இல்லை. ஜீரோ ஜீரோ.”

“சோ இட் வாஸ் எ டை?”

“ரெண்டு ஆட்டமும் டிராதான். ஆனா அவிய நம்மூர்ல வந்து ஒரு கோல் போட்டாங்களே, வெளியூர் கோலுக்கு மதிப்பு சாஸ்தி. அவிய உள்ளே, நாம வெளிய.”

“தட்ஸ் லூஸிங், அம்மா.”

காரை அப்படியே ஓரமாக நிறுத்தினாள். “ரெண்டு ஆட்டத்துல ஒண்ணாச்சும் தோத்தமா? சொல்லு. தோக்கலே. வெளிய வந்தோம். ரெண்டும் வேற.”

அன்று ராத்திரி நோட்டில் அப்படியே எழுதினாள்: தோற்கவில்லை, வெளியே வந்தோம்.

பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு ‘சாதனை’. மற்றப் பிள்ளைகளுக்கு நிலவில் கால் வைத்தது, இமயமலை ஏறியது என்று நல்ல நல்ல சாதனைகள் கிடைத்தன. எனக்கு அம்மா எழுதிக் கொடுத்தது எங்கள் கிளப்பின் ஐரோப்பிய ஆட்டங்கள். நான் அழுதேன். “நோபடி நோஸ் தெம்!” என்று கத்தினேன். “அதான் சொல்லச் சொல்றேன்” என்றாள். நான்கு சீட்டு. மூன்றாவது சீட்டில் அந்த இரண்டு வருஷம். அதை மட்டும் மெதுவாக, நிறுத்தி, சபையைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

சனிக்கிழமை வந்தது. காலண்டரில் வட்டமிட்ட சனிக்கிழமை. நல்ல குளிர். அப்பா ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு போனார். அம்மா எங்கள் தெருக்களுக்குள் மட்டும்தான் ஓட்டுவாள், ஃப்ரீவே அப்பாவுடையது. போகிற வழியில் அம்மா ஒரே ஒரு முறை, “போஸ்ட் ஆபீஸ் பன்னெண்டு வரைக்கும் இருக்குமுங்களா?” என்று கேட்டாள். அப்பா, “இப்ப எதுக்குப் புள்ள அதெல்லாம்? அவருதான் சொன்னாரில்ல” என்றார். அதோடு சரி.

நான் ஏறி நின்றேன். முதல் சீட்டு நன்றாகப் போனது. ‘வெளியூர் கோல்’ என்றதும் முன்வரிசையில் ஒரு பையன் கெக்கெக் என்று சிரித்தான். அது யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்தச் சிரிப்பில் என் காது சூடாகிவிட்டது. சீக்கிரம் இறங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. மூன்றாவது சீட்டை விட்டுவிட்டேன். “அப்புறம் ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்லை” என்று சொல்லிக் கடைசிச் சீட்டுக்குத் தாவிவிட்டேன்.

நடுவர் அங்கிள் மைக்கைப் பிடித்தார். அவர் மனசில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். “குழந்தை தமிழ் சூப்பர். கை தட்டுங்க. ஆனா டாபிக்… ஒரு கப் கூட ஜெயிக்கல. நடுவுல ரெண்டு வருஷம் ஒண்ணுமே இல்லன்னு அதுவே சொல்லுது. தோத்தா தோத்துட்டோம்னு ஒத்துக்கணும். அதான் ஸ்பிரிட். என்ன சொல்றீங்க?”

அப்போதுதான் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

“ஒண்ணும் இல்லைன்னு எப்படீங்க ஆகும்? எடம் புடிச்சாங்க. விடலே. அதெப்படிங்க, ஆடவே விடாத வருசத்தைத் தோத்த வருசம்னு எழுதுவீங்க?”

போட்டி முடிந்து சாப்பிடக் கொண்டுவந்திருந்த சாம்பார் அண்டாவின் மூடி எங்கோ சத்தமிட்டது. அங்கிள் சிரித்துக்கொண்டே சமாளித்தார்: “சரி சிஸ்டர், தோல்வி வேணாம். ரெக்கார்டுல பிளாங்க்னு வெச்சுக்கலாம்.”

“பிளாங்க்கும் இல்லீங்க. எழுத வேண்டியது இருக்குது. தகுதி உண்டு, அனுமதி இல்லை. அப்படித்தானுங்க எழுதோணும்.”

சொல்லிவிட்டு அம்மா உட்காரவில்லை. யாரோ பின்னாலிருந்து அவளைக் கூப்பிட்ட மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. சாம்பார் கரண்டியோடு நின்ற அப்பாவிடம் போனாள்.

“சாவி குடுங்க.”

“எதுக்கு?”

“வீட்டுக்குப் போயி உறைய எடுக்கோணும்.”

“ஏம்புள்ள, நீ ஃப்ரீவேல ஓட்டினதே இல்லையே!”

“ஓட்ட விட்டாத்தானுங்க.”

அப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் பாக்கெட்டைத் துழாவினார். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு என்ன பரிசு கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

ஃப்ரீவேயில் ஏறியதும் அம்மா வலது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு போனாள். வேகம் நாற்பது மைலைத் தாண்டவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஸ்டியரிங்கை இட்லிச் சட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எனக்கும் பயம். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன்.

“அம்மா, திஸ் இயர் நாம செகண்ட் ரவுண்டுலதானே தோத்தோம்?”

“மூணாவது ரவுண்டு! தோக்கலே, வெளிய வந்தோம்!”

கால் அழுந்தியது. அறுபது.

வீட்டுக்குள் ஷூவோடு போனாள். அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். ஃபிரிட்ஜ் மேலிருந்து உறையை எடுத்து, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே, பஞ்சு மாதிரி ஆகிவிட்ட அந்தக் கட்டத்தில் பேனாவால் இங்கிலீஷில் எழுதினாள். குவாலிஃபைட். நாட் பெர்மிட்டட். பேனா அந்த இடத்தில் கொஞ்சம் ஊறியது. குளிருக்கு எதைப் போடுவதென்று சுற்றிப் பார்த்து, ஓவனைத் திறந்து, மாவுச் சட்டியிலிருந்து மஃப்ளரை உருவிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

வேலை செய்யும் அனுமதி பல வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நாங்கள் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊருக்குக் குடிபோனோம், நீல நோட்டு எந்தப் பெட்டியிலோ தொலைந்தது, மஃப்ளர் டிரையரில் சுருங்கி பொம்மைக்குக்கூடப் பத்தாமல் போனது. அனுமதி வந்த வாரமே அம்மா வேலைக்குப் போனாள், லைசென்ஸ் தயாராக இருந்ததால். ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய மத்தியானம்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். போஸ்ட் ஆபீஸில் ஒரே ஒரு கவுண்டர். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் உறையை வாங்கி, புளித்த மாவு வாசனைக்கு மூக்கை ஒருதரம் உறிஞ்சி, தேதி முத்திரையைக் குத்திக் கூடையில் போடப் போனார். அம்மா கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேதி பாதிதான் விழுந்திருந்தது. உறையைக் கவுண்டரில் வைத்து அவர் பக்கம் தள்ளி, குத்த வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள், அவர் மறுபடியும் முத்திரையை எடுக்கும் வரை.